துகள் சிறுத்தால் தூள் நெருங்குமா? உலோகத் தூள்களின் பொதிவு அடர்த்தி

உலோகத் தூள்களோடு புதிதாகப் பழகத் தொடங்கும் பலருக்கும் இயல்பாகத் தோன்றும் ஓர் எண்ணம் உண்டு. துகள்கள் எவ்வளவு சிறியவையோ அவ்வளவு நெருக்கமாக அவை அடங்கும், ஆகவே நுண்ணிய தூளே அதிக எடையோடு நிரம்பும் என்பது அந்த எண்ணம். சோதனைக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கிறது. 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள உருண்டைத் துகள்களால் ஆன எஃகுத் தூள், குவளையின் கன அளவில் பாதிக்கும் மேலான இடத்தை உலோகத்தால் நிரப்பிவிடும். அதே எஃகை 5 மைக்ரான் அளவுக்குச் சிறுக்கவைத்த தூளோ, கட்டிகட்டியாக விழுந்து, இடையில் பெரிய பொந்துகளை விட்டுக்கொண்டு, 40 சதவீதத்தை எட்டவே தடுமாறும். துகளின் அளவுக்கும் பொதிவுக்கும் உள்ள தொடர்பு நேரானது அல்ல. அது எங்கே வளைகிறது, ஏன் வளைகிறது என்பதை விளங்கிக்கொள்வது தூளைக் கொண்டு பொருள் செய்பவர்கள் அனைவருக்கும் பயன்படும்.

பொதிவு அடர்த்தி என்று இங்கே சொல்வது, ஒரு பாத்திரத்தின் மொத்தக் கன அளவில் திண்ம உலோகம் அடைத்திருக்கும் பங்கை. நடைமுறையில் இது இரண்டு வகையாக அளக்கப்படுகிறது. ஹால் புனல் எனப்படும் 2.5 மில்லிமீட்டர் துளையுள்ள புனல் வழியாகத் தூளை 25 கன சென்டிமீட்டர் குவளையில் தானாக விழவிட்டு, மேலே குவிந்திருப்பதை வழித்துவிட்டு நிறுத்தால் கிடைப்பது தளர்வடர்த்தி. தூள் நிரப்பிய அளவுக் குழாயை, தூளின் மட்டம் மேலும் இறங்காத வரை தட்டியபின் கிடைப்பது தட்டடர்த்தி. இவற்றைத் திண்ம உலோகத்தின் அடர்த்தியால் வகுத்தால் பொதிவின் பங்கு கிடைக்கும். ஒரு தூளுக்கு ஒரே ஒரு பொதிவு அடர்த்தி உண்டு என்று எண்ணுவது தவறு. எப்படி ஊற்றினோம், எவ்வளவு தட்டினோம் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

முதலில் வடிவியல் சொல்வதைப் பார்ப்போம். ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு ஒழுங்காக அடுக்கினாலும் 74.05 சதவீதத்துக்கு மேல் இடத்தை நிரப்ப முடியாது என்று 1611இல் கெப்ளர் ஊகித்தார். 1998இல் தாமஸ் ஹேல்ஸ் அதற்கு நிறுவல் அளித்தார். ஆனால் தூள் அப்படி அடுக்கி வைக்கப்படுவதில்லை, கொட்டப்படுகிறது. கொட்டப்பட்ட உருண்டைகள் எவ்வளவு நிரம்பும் என்பதை 1960ஆம் ஆண்டையொட்டி ஜே. டி. பெர்னால், ஜி. டி. ஸ்காட் ஆகியோர் எஃகுக் குண்டுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். பெர்னாலும் அவருடைய உடனாய்வாளரும் குண்டுகளுக்கிடையே கறுப்பு வண்ணத்தை ஊற்றி உலரவிட்டு, ஒவ்வொரு குண்டிலும் பதிந்த தொடுதடங்களை எண்ணினார்கள். இது போன்ற ஆய்வுகளிலிருந்து, மெதுவாக ஊற்றினால் ஏறத்தாழ 60 சதவீதம், நன்றாகக் குலுக்கினால் ஏறத்தாழ 64 சதவீதம் என்ற எல்லைகள் நிலைபெற்றன. இந்த எண்களில் குண்டின் விட்டம் எங்குமே வரவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் குண்டுகளின் குவியலை நூறு மடங்கு சுருக்கி வரைந்தால், துகளும் சுருங்கும், துகள்களுக்கிடையே உள்ள வெற்றிடமும் அதே விகிதத்தில் சுருங்கும். பங்கு மாறாது. வெறும் வடிவியலைப் பொறுத்தவரை, ஒரே அளவுள்ள துகள்களின் பொதிவுக்கும் அவற்றின் அளவுக்கும் தொடர்பே இல்லை.

அப்படியென்றால் 5 மைக்ரான் தூள் ஏன் அவ்வளவு தளர்ந்து நிற்கிறது? துகளின் அளவு தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. வேறொன்றோடு அதை ஒப்பிடும்போதுதான் அதற்குப் பொருள் வருகிறது என்பதே என் புரிதல். துகளின் எடையை அதன் ஒட்டுவிசையோடு ஒப்பிட வேண்டும், அதன் விட்டத்தை அருகிலிருக்கும் துகளின் விட்டத்தோடு ஒப்பிட வேண்டும், பிறகு அது நிரப்பும் இடத்தின் அகலத்தோடும் ஒப்பிட வேண்டும். இவற்றுள் முதலாவதே நுண்தூளின் நடத்தையை ஆள்கிறது.

இரண்டு துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் வாண்டர் வால்ஸ் விசை அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. வழவழப்பான உருண்டைகளுக்கு இந்த விசை விட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எடையோ விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. ஆகவே விட்டம் பாதியாகும்போது எடை எட்டில் ஒரு பங்காகிவிடும், ஒட்டுவிசை பாதியாக மட்டுமே குறையும். எடையோடு ஒப்பிட்டால் ஒட்டும் தன்மை நான்கு மடங்காகும். 20 மைக்ரான் விட்டமுள்ள எஃகுத் துகளின் எடை ஏறத்தாழ 0.3 நானோநியூட்டன். வழவழப்பான பரப்பு என்று கொண்டு கணக்கிட்டால் ஒட்டுவிசை அந்த எடையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு வருகிறது. உண்மையில் துகள்களின் பரப்பு மேடுபள்ளமானது. தொடுவது துகளின் முழு வளைவு அல்ல, அதன் மேலிருக்கும் மிகச் சிறிய முகடுகளே. அதனால் விசை இந்தக் கணக்கை விடப் பல மடங்கு குறைந்துவிடுகிறது. ஆனால் அப்படித் தொடும்போது ஒட்டுவிசையை முகட்டின் அளவே தீர்மானிப்பதால், துகள் சிறுத்தாலும் விசை பெரிதாகக் குறைவதில்லை. எடை மட்டும் மும்மடி வேகத்தில் சரிகிறது. இரண்டு வழியாகப் பார்த்தாலும், சில பத்து மைக்ரான் அளவில் எங்கோ ஓரிடத்தில் எடையின் ஆட்சி முடிந்து ஒட்டுவிசையின் ஆட்சி தொடங்குகிறது.

அந்த எல்லை எல்லா உலோகத்துக்கும் ஒன்றல்ல. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், டங்ஸ்டனுடையது 19.3 கிராம். ஒரே அளவும் ஒரே வடிவமும் கொண்ட துகள்களில் டங்ஸ்டன் துகள் ஏழு மடங்கு எடையுள்ளது என்பதால், ஒட்டுதலை உதறிக்கொண்டு கீழே விழும் வலிமை அதற்கு அதிகம். காற்றில் ஈரம் இருந்தால் கணக்கு மேலும் மாறும். தொடுமிடத்தில் சேரும் நுண்ணிய நீர்ப்பாலத்தின் இழுவிசை, உலர்ந்த ஒட்டுவிசையையும் மிஞ்சக்கூடும். தூளை உலர்த்திய பிறகே அளக்க வேண்டும் என்று தூள் பணியில் இருப்பவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

ஒட்டுவிசை எடையை மிஞ்சும்போது குவியலுக்குள் என்ன நடக்கிறது என்பதை மனத்தில் காண்பது எளிது. எடையுள்ள பெரிய துகள் கீழே விழுந்து, மற்றொன்றின் மேல் மோதி, உருண்டு, தனக்குக் கிடைக்கும் பள்ளத்தில் போய் அமர்கிறது. இலேசான நுண்துகளோ தொட்ட இடத்திலேயே ஒட்டி நின்றுவிடுகிறது. அதன் மேல் அடுத்தது ஒட்டுகிறது. இப்படிச் சங்கிலிகளும் வளைவுகளும் உருவாகி, ஒவ்வொரு வளைவுக்கும் அடியில் ஒரு பொந்து காக்கப்படுகிறது. உருளத் தெரிந்த துகளே பள்ளத்தைக் கண்டடையும். தட்டும்போது அந்த வளைவுகளில் பல உடைவதால் நுண்தூள் கணிசமாக இறங்கும். பெரிய உருண்டைத் தூள் ஊற்றியபோதே ஏறத்தாழ அமர்ந்துவிட்டதால் அதிகம் இறங்காது. தட்டடர்த்தியைத் தளர்வடர்த்தியால் வகுத்துக் கிடைக்கும் ஹவுஸ்னர் விகிதம் இந்த வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. அது 1.25க்குக் குறைவாக இருந்தால் தூள் தடையின்றி ஓடும் என்றும், 1.4ஐத் தாண்டினால் ஒட்டும் தன்மையுடையது என்றும் பொதுவாகக் கொள்கிறார்கள். எளிய அளவீடுதான்; ஆனால் ஒரு தூளைப் பற்றி இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு சொல்லும் எண் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

நுண்தூளின் தளர்வுக்குக் காரணம் அதன் வடிவியல் அல்ல, ஒட்டுதலே என்பதற்கு ஒரு நல்ல சான்று, தூளைப் பிணைப்பானோடு பிசைந்து அச்சுக்குள் செலுத்திப் பொருள் செய்யும் உலோக ஊசிவார்ப்பில் கிடைக்கிறது. அங்கே பெரும்பாலும் 20 மைக்ரானுக்கும் குறைவான தூளே பயன்படுகிறது. சில மைக்ரான் விட்டமுள்ள கார்போனைல் இரும்புத் தூள் அதற்கு நெடுங்காலமாகப் பழக்கமானது. உலர்ந்த நிலையில் தளர்ந்து கிடக்கும் அந்தத் தூளை, உருகிய மெழுகும் பாலிமரும் சிறிது ஸ்டியரிக் அமிலமும் கலந்த பிணைப்பானோடு சேர்த்துப் பிசைந்தால், கலவையின் கன அளவில் ஏறத்தாழ 60 சதவீதம் வரை உலோகத்தை ஏற்ற முடிகிறது. துகள் அதே துகள்தான், அளவும் மாறவில்லை. துகள்களுக்கிடையே திரவம் புகுந்து ஒட்டுதலைத் தணித்து, பிசையும் விசை எடையின் வேலையைச் செய்ததும், வடிவியல் அனுமதிக்கும் இடத்துக்கு அருகில் அவை போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

வடிவத்தைப் பற்றி ஒரு குறிப்பு இங்கே தேவை, ஏனெனில் அளவின் விளைவு என்று நாம் எண்ணுவது சில வேளைகளில் வடிவத்தின் விளைவாக இருக்கும். மந்த வாயுவால் தெளித்து ஆக்கிய தூள் உருண்டையாகவும், நீரால் தெளித்து ஆக்கியது கோணல்மாணலாகவும், தாதுவை ஒடுக்கிப் பெற்ற கடற்பஞ்சு இரும்பு உள்ளேயே துளைகளுடனும் இருக்கும். அச்சில் அழுத்துவதற்கான கடற்பஞ்சு இரும்புத் தூளின் தளர்வடர்த்தி பொதுவாகக் கன சென்டிமீட்டருக்கு 2.4 முதல் 2.5 கிராம், நீரால் தெளித்த தூளுடையது 3 கிராமுக்கு அருகில். இரும்பின் அடர்த்தி 7.87 கிராம் என்பதால் இவை முறையே 31, 38 சதவீதமாகின்றன. இவ்விரண்டு தூள்களின் சல்லடை அளவும் ஏறத்தாழ ஒன்றேதான். கோணலான துகள்கள் தளர்வாக நின்றாலும், அழுத்தும்போது ஒன்றோடொன்று கொக்கியிட்டுப் பிடித்துக்கொள்வதால், அச்சிலிருந்து எடுத்த வார்ப்பு உடையாமல் நிற்பதற்கு அவையே உதவுகின்றன. ஆகவே குறைந்த பொதிவு எப்போதும் குறைபாடு என்று கொள்ளக் கூடாது.

அடுத்து, வெவ்வேறு அளவுகளைக் கலப்பது. இங்கேதான் அளவு தன் முழு ஆற்றலையும் காட்டுகிறது. பெரிய உருண்டைகளால் ஒரு பாத்திரத்தை 64 சதவீதம் நிரப்பியாகிவிட்டது என்று கொள்வோம். மீதி 36 சதவீதம் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குள் எளிதாகப் புகக்கூடிய மிகச் சிறிய துகள்களை இட்டால், அவையும் அதில் 64 சதவீதத்தை நிரப்பும்; மொத்தம் 87 சதவீதமாகும். இது சி. சி. ஃபர்னாஸ் 1920களின் இறுதியில் வகுத்த கணக்கு. இந்த உச்சத்தில் பெரிய துகள்களின் பங்கு ஏறத்தாழ 73.5 சதவீதம், சிறியவற்றின் பங்கு 26.5 சதவீதம். சிறியவை இதற்குக் குறைந்தால் வெற்றிடங்கள் காலியாக மிஞ்சும். கூடினால் அவை பெரிய துகள்களைத் தள்ளி விலக்கிவிடும். அப்போது பெரிய துகள்கள் சிறியவற்றின் கடலில் மிதக்கும் தீவுகளாகின்றன.

எவ்வளவு சிறியதாக இருந்தால் துகள் உள்ளே புகும் என்பதற்கும் வடிவியல் விடை தருகிறது. ஒன்றையொன்று தொடும் மூன்று உருண்டைகளுக்கு நடுவே உள்ள முக்கோண வாசலைக் கடக்க, சிறிய துகளின் விட்டம் பெரியதன் விட்டத்தில் 0.155 பங்குக்குள் இருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ ஆறரையில் ஒரு பங்கு. நடைமுறையில் 7க்கு 1 என்ற விகிதமே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அதைவிட நெருங்கிய அளவுகளைக் கலந்தாலும் பொதிவு கொஞ்சம் கூடும், ஆனால் 87 சதவீதத்தின் பக்கத்தில் கூட வராது. 2க்கு 1 என்ற விகிதத்தில் கலப்பவர்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறியதே.

இந்தப் பாதையில் நெடுந்தூரம் சென்றவர் ஆர். கே. மெக்கியரி. 1961இல் வெளியான ஆய்வில் அவர் நான்கு அளவு உருண்டைகளை 1 : 7 : 38 : 316 என்ற விட்ட விகிதத்தில் எடுத்து, அதிர்வு கொடுத்து, 95.1 சதவீதப் பொதிவை எட்டினார். மிகப் பெரியவை 60.7 சதவீதம், அடுத்தவை 23, பிறகு 10.2, மிகச் சிறியவை 6.1 சதவீதம். ஒரே அளவுள்ள உருண்டைகள் அவருடைய சோதனையில் 62.5 சதவீதத்தில் நின்றவை என்பதை நினைத்தால் இது வியக்கத்தக்க சாதனை.

ஆனால் இதே விகிதத்தை லேசர் அச்சுக்கான, அதாவது தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிப் பொருள் ஆக்கும் முறைக்கான தூளுக்குப் பொருத்திப் பார்த்தால் சிக்கல் உடனே வெளிப்படும். மிகப் பெரிய துகள் 45 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், மிகச் சிறியது 0.14 மைக்ரானாக இருக்க வேண்டும். அந்த அளவிலான உலோகத் துகள் விழுந்து உள்ளே புகாது. முதலில் தொட்ட பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அலுமினியம், டைட்டானியம் போன்ற உலோகங்களில் தீப்பற்றும் அபாயமும் உண்டு. எளிய 7க்கு 1 கலவையிலும் சிறிய துகள் 6.4 மைக்ரானாகிவிடுகிறது. அதன் எடையோடு ஒப்பிட்ட ஒட்டும் தன்மை பெரிய துகளுடையதைப் போல 49 மடங்கு. மேலும் 26.5 சதவீதம் என்ற பங்கை எண்ணிக்கையாக மாற்றினால், ஒவ்வொரு பெரிய துகளுக்கும் ஏறத்தாழ 124 சிறிய துகள்கள் வருகின்றன. இவ்வளவு ஒட்டும் துகள்கள் வாசல்களை அடைத்துக்கொள்ளாமல் உள்ளே போய் ஒழுங்காக அமரும் என்று எதிர்பார்ப்பது கடினம். அளவு விகிதம் விரியட்டும் என்று ஒரு விதி கேட்கிறது, எந்தத் துகளும் மிகச் சிறுத்துவிடக் கூடாது என்று மற்றொரு விதி தடுக்கிறது. தூளின் அளவை வடிவமைப்பது என்பது பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவே இடம் தேடுவதுதான்.

நடைமுறையில் தூள் இரண்டே அளவுகளில் வருவதில்லை. தெளிப்பு முறையில் தொடர்ச்சியான பரவலோடுதான் வருகிறது. ஒட்டுதல் தலையிடாத வரை, பரவல் அகலமாக இருந்தால் பொதிவு கூடும். பொதிவைக் கூட்டும் பரவலை உடைய தூளைக் கலந்து ஆக்கும்போது ஒரு கவலை எப்போதும் உடன் வருகிறது. குலுங்கும்போதும் ஓடும்போதும் சிறிய துகள்கள் இடுக்குகள் வழியே கீழே கசிந்து இறங்கும், பெரியவை மேலே வரும். துல்லியமாகக் கலந்த தூள், கலனில் வெகுதூரம் பயணித்து வந்தபின், மேலொரு தூளும் கீழொரு தூளுமாகப் பிரிந்திருக்கலாம். மேலிருந்து எடுத்த ஒரு கரண்டி மாதிரியை மட்டும் அளந்து முழுக் கலனுக்கும் அந்த எண்ணைக் கூறுவது இந்தக் காரணத்தால் ஏற்கத்தக்கதல்ல.

இனி, துகளை அதன் இருப்பிடத்தோடு ஒப்பிடுவோம். சுவரை ஒட்டி உருண்டைகள் நெருங்கி அமர முடியாது; சுவரிலிருந்து சில துகள் விட்டம் வரை வெற்றிடம் அதிகமாக இருக்கும். பாத்திரம் அகலமானதாக இருந்தால் இந்த இழப்பு சராசரியில் கரைந்துவிடும். துகளின் விட்டத்தைப் போலப் பத்து மடங்குக்கும் குறைவான இடுக்குகளில் அது கரைவதில்லை. பற்சக்கரத்தின் மெல்லிய பற்களை உருவாக்கும் அச்சில் பருந்தூள் சரியாக நிரம்பாததற்கு இது ஒரு காரணம்.

லேசரால் அடுக்கடுக்காக உருக்கும் முறையில் இந்த விளைவு உச்சத்தில் இருக்கிறது. தூள் பரப்பப்படும் மேடை ஒவ்வொரு முறையும் 40 மைக்ரான் இறங்குகிறது என்றும், பரப்பிய தூளின் பொதிவு 50 சதவீதம் என்றும் கொள்வோம். முதல் அடுக்கில் 40 மைக்ரான் இடைவெளியே இருப்பதால், 45 மைக்ரான் துகள் உள்ளே வராமல் பரப்பும் தகட்டால் தள்ளிக்கொண்டு போகப்படும். வந்து சேர்ந்த தூள் உருகி 20 மைக்ரான் திண்மமாகிறது. அடுத்து மேடை 40 மைக்ரான் இறங்கும்போது இடைவெளி 60 மைக்ரானாகிறது, அதற்கடுத்து 70, பிறகு 75 என்று கூடி, 80 மைக்ரானில் நிலைபெறுகிறது. இறங்கும் உயரத்தைப் பொதிவுப் பங்கால் வகுத்தால் இந்த நிலைத்த தடிமன் நேராகவே கிடைக்கும். 80 மைக்ரான் தடிமனில் 45 மைக்ரான் துகள்கள் இரண்டடுக்கு கூட முழுமையாக நிற்காது. ஆகவே குவளையில் அளந்த தளர்வடர்த்தியை அப்படியே தூள் படுக்கையின் அடர்த்தியாகக் கொள்ள முடியாது. படுக்கை பெரும்பாலும் அதைவிடத் தளர்வாகவே இருக்கும். இந்த முறைக்கு 15 முதல் 45 மைக்ரான் என்ற வரம்பு வழக்கத்தில் நிலைத்ததன் காரணம் இப்போது தெளிவாகும். கீழ் எல்லையை ஒட்டுதல் வகுத்தது, மேல் எல்லையை அடுக்கின் தடிமன் வகுத்தது. எலக்ட்ரான் கற்றை முறையில் அடுக்கு தடிப்பாக இருப்பதால் 45 முதல் 105 மைக்ரான் வரையிலான பருந்தூள் அங்கே பொருந்துகிறது.

சூட்டில் இறுகவைக்கும் சின்டரிங் முறைகளில் வேறொரு கணக்கும் சேர்கிறது. கான்யர்ஸ் ஹெர்ரிங் 1950இல் காட்டிய அளவு விதிப்படி, துகளின் விட்டம் பாதியானால், அதே அளவு இறுகுவதற்குத் தேவைப்படும் காலம், அணுக்கள் படிகத்தின் ஊடே பரவினால் எட்டில் ஒரு பங்காகவும், படிக எல்லைகள் வழியே பரவினால் பதினாறில் ஒரு பங்காகவும் குறைகிறது. நன்றாகப் பொதியும் பருந்தூள் சூளையில் சோம்பி நிற்கும்; மோசமாகப் பொதியும் நுண்தூள் விரைந்து சுருங்கி ஏறத்தாழ முழு அடர்த்தியை எட்டும். பருந்தூளோடு நுண்தூளைக் கலந்து பொதிவைக் கூட்டியவர்கள், சூளைக்குப் பிறகு அந்த ஆதாயம் முழுவதும் நிலைக்காததைக் காண்பதுண்டு, ஏனெனில் சுருங்காத பெரிய துகள்கள் தம்மைச் சுற்றிச் சுருங்க முயலும் நுண்தூளைத் தடுத்து நிறுத்துகின்றன.

பொதிவின் உயரத்தைவிட அதன் சீர்மைக்கே நான் அதிக மதிப்புத் தருவேன். ஊசிவார்ப்பில் 60 சதவீதம் நிரம்பிய வார்ப்பு 97 சதவீத அடர்த்திக்கு இறுகும்போது, நீளம் 14.8 சதவீதம் குறைகிறது. நிரம்பியது 58 சதவீதமாக இருந்தால் 15.8 சதவீதம் குறையும். அச்சில் 50 மில்லிமீட்டர் நீளமுள்ள பொருள், முதல் நிலையில் 42.6 மில்லிமீட்டராகவும் இரண்டாவதில் 42.1 மில்லிமீட்டராகவும் வெளிவரும். பொருள் முழுவதும் ஒரே அளவில் 58 சதவீதமாக இருந்தால் அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டி அதைச் சரிசெய்துவிடலாம். ஒரு முனை 60ஆகவும் மறுமுனை 58ஆகவும் நிரம்பியிருந்தால், அந்தப் பொருள் சூளைக்குள் கோணிக்கொள்ளும். அதை எந்த அச்சுத் திருத்தத்தாலும் நேராக்க முடியாது.